பொட்டு சாப்பிட மறுத்த ஐந்து நாள்

சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பொட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. பத்து வாரப் பூனைக்குட்டி. வெள்ளை உடம்பு, சாம்பல் வால், மூக்கு நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி. பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. விளையாட்டாகச் சமையலறைத் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தோம்: 960 கிராம். மகள் அதைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கி வைத்தாள். அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் பதிவேடு.

கூடையைத் திறந்ததுமே ஒரே பாய்ச்சலில் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. நான் ஒரு தட்டில் ஈர உணவு வைத்தேன். தொடவில்லை. அரை மணி கழித்துப் பக்கத்திலேயே உலர் உணவு. அதையும் தொடவில்லை. எட்டு மணிக்கு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து மூன்றாவது தட்டு. ஒன்பது மணிக்கு, கிண்ணம்தான் பிடிக்கவில்லையோ என்று பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பீங்கான். பத்து மணிக்கு அலமாரிக்கு அடியில் கையை விட்டு, விரல் நுனியில் ஈர உணவைத் தொட்டு அதன் உதட்டில் தடவினேன். தலையைத் திருப்பிக்கொண்டது. முன்காலால் வாயைத் துடைத்தது. இன்னும் உள்ளே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

நான் தையல்காரி. மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஊசி, நூல், டென்ஷன் (நூலின் இறுக்கம்) மூன்றையும் ஒன்றாக மாற்றாதே என்று, பழக வருகிற பெண்களிடம் ஓயாமல் சொல்கிறவள். மாற்றினால் அறுப்பது நின்றுவிடலாம். எதனால் நின்றது என்று தெரியாது, அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தேடணும். ஊருக்கு உபதேசம் செய்யும் அந்த ஆள்தான் ஒரே ராத்திரியில் மூன்று உணவு, இரண்டு கிண்ணம், ஒரு விரல் என்று மாற்றி மாற்றிப் பார்த்தது.

ஞாயிறு காலை 7 மணி. மூன்று தட்டும் காய்ந்து கிடந்தன. கோழியின் ஓரத்தில் ஒரு நக்கு நக்கியிருக்கலாம். உலர் உணவில் ஒன்றிரண்டு குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் நான்தான் எண்ணி வைக்கவில்லையே. அது கழிப்பதற்கு வைத்த மணல் தட்டில் ஒரே ஒரு ஈரக் கட்டி. எடை 944.

பதினாறு கிராம் ஒரு பெரிய விஷயமா? ஒரு தடவை சிறுநீர் கழித்தாலே அவ்வளவு குறையும். ஆனாலும் இந்த வயதில் குட்டி வாரத்துக்கு நூறு கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாமல் நிற்பதே கவனிக்க வேண்டிய விஷயம், இறங்குவது அதைவிட. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன்.

அவர் என்ன உணவு என்று கேட்கவே இல்லை. வாந்தி எடுத்ததா? பேதி உண்டா? தண்ணீர் குடித்ததா? சிறுநீர் போனதா? பக்கத்தில் போனால் ஓடுகிறதா, அப்படியே கிடக்கிறதா? ஓடுகிறது, பிடிக்கவே முடியவில்லை என்றேன். "நல்லது" என்றார். ஈறைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மகள் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மேலுதட்டை லேசாகத் தூக்கினேன். இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பியது. ஈரமாக, வழுக்கலாக இருந்தது. ஒட்டுகிற மாதிரி இருந்தால் உடம்பில் நீர் குறைகிறது என்று அர்த்தமாம்.

"வளர்ந்த பூனையே நாள் கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து பெரிய வம்பாகிவிடும். குட்டிக்கு உடம்பில் கையிருப்பே கிடையாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். சாயங்காலம் வரை பாருங்கள். ஒன்றுமே உள்ளே போகாவிட்டால் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நடுவில் வாந்தியோ பேதியோ வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே. துவண்டு போனால் ஈறில் ஒரு துளி தேனைத் தடவிவிட்டுக் கிளம்புங்கள்" என்றார். குட்டிகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் காய்ச்சலும் சாப்பாட்டை வெறுப்பதில்தான் தொடங்கும், அது ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும் என்றும் சொன்னார். அதைக் கேட்டபின் தேன் பாட்டிலை வாசல் பக்கமே எடுத்து வைத்துவிட்டேன்.

போனை வைத்ததும் மூன்று தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். இனி ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

முதலில் இடம். நேற்று அதை விட்டது கூடத்தில். டிவி, மிக்ஸி, காலிங் பெல், நடமாட்டம் எல்லாம் அங்கேதான். போதாக்குறைக்குச் சாப்பாட்டுத் தட்டையும் மணல் தட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். கழிக்கும் இடத்தில் எந்தப் பூனையும் மனசோடு சாப்பிடாது. யோசித்தால் நமக்கும் அப்படித்தானே. தையல் அறை அமைதியானதுதான், ஆனால் அங்கே தரையெல்லாம் நூல் துண்டு. குட்டி நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்து ஆபரேஷனில் கொண்டுபோய் விட்டுவிடும், ஊசி கோத்த நூல் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் சின்னப் படுக்கையறை. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் தண்ணீர், நடுவில் பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டி. அதற்குள் பழைய வீட்டிலிருந்து கூடையோடு வந்த துணி. அந்தத் துணியைத் துவைக்கலாம் என்று எடுத்தவளை மகள்தான் தடுத்தாள்: "அம்மா, அதுல அவ அம்மா வாசனை இருக்கும்மா."

கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகவில்லை. திரும்பிப் போனபோது சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் கட்டில் மேல் தலையணை நடுவில் சின்னதாக ஒரு குழி, இரண்டு வெள்ளை முடி. வெளியே வந்து சுற்றிப் பார்த்திருக்கிறது. முதல் மாற்றத்துக்கு இந்தப் பலன் போதும்.

இரண்டாவது, உணவு. குட்டியைக் கொடுத்த வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். இதை முதல் நாளே, கூடையை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்த உலர் உணவைப் பிசைந்து கொடுத்து வந்திருக்கிறார்கள். நாலு குட்டிகளும் ஒரே அகலத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுமாம். நாங்கள் வாங்கி வைத்திருந்ததோ வேறு உணவு, நான் கொடுத்ததோ மொறுமொறுவென்று, அதுவும் ஆழமான கிண்ணத்தில். மகள் போய் அவர்கள் கொடுத்து வந்த அதே உணவில் ஒரு டப்பா வாங்கி வந்தாள்.

மதியம் 3 மணிக்கு 10 கிராம் உணவில் 20 மில்லி வெந்நீர் விட்டு, கால் மணி ஊறவைத்துப் பிசைந்தேன். தட்டையான தட்டு. தட்டோடு எடை போட்டுக் குறித்துக்கொண்டு, வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அரை மணி கழித்து எடை போட்டால் 4 கிராம் குறைவு. விரலால் தடவின உணவைத் துடைத்துத் தள்ளிய அதே குட்டி. நாலு கிராம் என்பது ஒரு ஸ்பூன்கூட இல்லை. நான் தராசை மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

மூன்றாவது மாற்றம் எனக்குத் தோன்றியதல்ல. "நாலு பேரா சாப்பிட்டது இப்ப தனியா இருக்குல்ல" என்று மகள் சொன்னாள். பயந்த பூனை ஆள் போன பிறகுதான் சாப்பிடும் என்பார்கள், பெரும்பாலும் அது சரிதான். இது கூட்டத்தில் தின்று பழகியது. ராத்திரி 7 மணிக்கு என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். அதன் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நான் இரண்டடி தள்ளி, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். திரும்பவே கூடாது என்று வைராக்கியம். பூனை முறைப்பைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளும், குனிந்து உற்றுப் பார்க்கிற மனித முகம் அதற்கு ஒரு மலை. முதலில் அட்டைப்பெட்டி உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பாதிச் சாப்பாட்டில், முதுகுக்குப் பின்னால், ஈரமான சின்னச் சத்தம்: சப்பு, சப்பு, சப்பு. நடுவில் நிற்கும். நான் மெல்லுவதை நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அதனால் தட்டில் ஒன்றுமில்லாத பிறகும் மென்றுகொண்டிருந்தேன்.

14 கிராம். மருத்துவருக்குச் செய்தி அனுப்பினேன். காலையில் எடை பார்த்துச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் தூங்கினேன். திங்கள் காலை எடை 931. வைத்த உணவில் 3 கிராம்தான் போயிருந்தது. அதே அறை, அதே உணவு, அதே தட்டு, அதே முதுகு. இரவில் சாப்பிட்டது காலையில் ஏன் மறுக்கிறது?

இந்தத் தடவை முதுகு காட்டவில்லை. கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். தட்டு வைத்ததும் ஓடித்தான் வந்தது. மூக்கை உணவுக்குக் கிட்டே கொண்டுபோனது. முகர்ந்தது. இன்னொரு தடவை முகர்ந்தது. ஒரு நக்கு. நின்றது. தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு வாயை லேசாகத் திறந்து மூச்சு விட்டது. ஒரு தும்மல். மறுபடி போய் முகர்ந்தது.

பசி இல்லாத குட்டி தட்டுப் பக்கமே வராது. ஓடி வந்து, பார்த்து, திரும்பிப் போகிற குட்டிக்குப் பசி இருக்கிறது, குறுக்கே ஏதோ நிற்கிறது. வாய்வலியாக இருக்கலாம், குமட்டலாக இருக்கலாம், மூக்கடைப்பாக இருக்கலாம். இதை என் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் குறுக்கே நின்றது பயம். மூன்றாம் நாள் நின்றது வேறொன்று. ஒரே கோளாறு என்று நான் நினைத்ததில் இரண்டு இருந்தது. நூல் அறுவதற்கு ஊசி வளைந்ததும் காரணம், கீழ்நூல் சுற்றிய பாபினில் நூல் சிக்கியதும் காரணம் என்கிற நாள்களும் உண்டே.

பத்து மணிக்கு மருத்துவமனை. உடம்புச் சூடு 38.8, பூனைக்கு அது சரியான அளவு. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து நாக்கின் ஓரங்களையும் அண்ணத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார், புண் இல்லை. பிறகு வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சை மூக்கு நுனியில் அரை நிமிடம் ஒற்றி எடுத்தார். பஞ்சில் கருத்த பொருக்கு ஒன்று வந்தது. மறுபடி ஒற்றினார், இன்னொன்று. இடது நாசித் துவாரம் அப்போதுதான் எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

பொட்டில் பாதி பொட்டே இல்லை, காய்ந்த சளி! கறுப்பு மேல் கறுப்பாக ஒட்டிக்கிடந்ததால் மூன்று நாளாக எங்கள் கண்ணில் படவில்லை. அழகாக இருக்கிறது என்று போட்டோ வேறு எடுத்திருந்தோம்.

பூனைக்கு மூக்குத்தான் நாக்கு. அதன் நாக்கு அப்படியொன்றும் ருசி பார்க்காது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதே இல்லை என்று 2005இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். உணவு இது, சாப்பிடலாம் என்று சொல்வது வாசனை. மூக்கடைத்த பூனைக்கு எதிரே இருப்பது ஒரு தட்டு ஈரமண். நேற்று இரவு பொருக்கு கொஞ்சம் இளகி இருந்திருக்கும், காலையில் இறுகியிருக்கும். குட்டிகளுக்கு வரும் பூனைச் சளிக்குப் பெரும்பாலும் இரண்டு வைரஸ்கள் காரணம் என்றார். ஒன்று ஹெர்பீஸ் வகை. ஒரு தடவை தொற்றினால் உடம்பிலேயே பதுங்கிக்கொண்டு, வீடு மாறுவது போன்ற அலைக்கழிப்பு வந்தால் தலை தூக்கும். இன்னொன்று கலிசி, அது வாயில் புண் போடும், அதனால்தான் நாக்கைத் தேடித் தேடிப் பார்த்தார். எங்களுடையது லேசானது. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, ஐந்து நாளைக்கு ஒரு சிரப், தினம் இரண்டு வேளை பத்து நிமிடம் நீராவி. புழு மருந்து, சாப்பாடு நிலைக்கு வந்த பிறகு.

ஊசிக் குழாயில் ஊட்டட்டுமா என்று கேட்டேன். "ஓடி வருகிற குட்டிக்கு வேண்டாம்" என்றார். வலுக்கட்டாயமாக ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்து ஒன்று, அந்த உணவையே ஜென்மத்துக்கும் வெறுத்துவிடும் ஆபத்து இன்னொன்று. ஊட்ட வேண்டிய நிலை வந்தால் அவரே எப்படி என்று காட்டித் தருவாராம். சனிக்கிழமை இரவின் விரல் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அன்று இரவு அடுத்த தப்பைச் செய்திருக்க மாட்டேனோ என்னவோ. சிரப்பை உணவில் கலந்துவிட்டேன். சிரமமில்லாமல் உள்ளே போய்விடும் என்று கணக்கு. பொட்டு ஒரு நக்கு நக்கியது. அடுத்த நொடி வாயோரத்தில் சோப்பு நுரை மாதிரி வழியத் தொடங்கியது. கசப்பு பட்டால் பூனைக்கு நுரை தள்ளும், விஷமில்லை. இது அப்போது எனக்குத் தெரியாது, கை நடுங்கிவிட்டது. வாயைத் துடைத்து, போன் செய்து, அவர் சிரித்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்த வேளைச் சாப்பாடும் போயிற்று. புதிதாகக் கரைத்து வைத்ததையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. செவ்வாய் காலை எடை 929. நோட்டில் அதுதான் மிகக் குறைந்த எண், அது என் கைவேலை.

அதன் பிறகு மருந்து தனி, சாப்பாடு தனி. மருந்து குளியலறையில், சாப்பாடு படுக்கையறையில். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சை வாயோரத்தில், கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் வைத்து, கன்னப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக. தலையை அண்ணாத்திப் பிடிக்கக் கூடாது. விழுங்கியது தெரிந்த பிறகு அடுத்த சொட்டு. முடிந்ததும் இறக்கிவிட்டு அரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்வதில்லை.

நீராவிக்குக் குளியலறைக் கதவைச் சாத்தி, மூடிபோட்ட கூடைக்குள் குட்டி, எட்ட ஒரு வாளியில் கொதிநீர், நடுவில் நான். பத்து நிமிடம். கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், என் தலைமுடி நனைந்துவிடும். வெளியே வந்ததும் நனைத்த பஞ்சால் மூக்கை ஒற்றினால் பொருக்கு வழுக்கிக்கொண்டு வரும். காய்ந்திருக்கும்போது பிய்த்தால் தோல் கிழியும். மூக்கு திறந்த கையோடு தட்டு வர வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தால் பலன் குறைகிறது, இரண்டு வேளை அளந்து பார்த்தேன்.

உணவைச் சூடாக்குவதுதான் கைப்பக்குவம் வேண்டிய இடம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவில் வாசனையே எழாது. மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் ஜில்லென்று இருக்கும், நாக்கு சுடும். நான் செய்தது: பிசைந்த உணவைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி, அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் மிதக்கவிடுவது. கிளறிவிட்டு மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி. சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. பூனையின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி, அதை ஒட்டி இருந்தால் போதும். மூடியைத் திறந்தால் எனக்கே நெடி அடிக்கும். எனக்கு அடிக்காவிட்டால் அதற்கு எங்கே அடிக்கும்? அளவு ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வைப்பதில்லை, நாளைக்கு ஐந்து வேளை. தொடாததை அரை மணியில் எடுத்துவிடுவேன். நாள் முழுக்க தட்டு எதிரேயே கிடந்தால் அதன் மேல் ஒரு சலிப்பு வந்துவிடுகிறது.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பால் கொடு என்றார்கள். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பது குறைந்துகொண்டே போகும், பேதியாகும், ஏற்கெனவே சாப்பிடாத குட்டிக்கு இருக்கிற நீரும் போகும். ஒருவர் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு போதும் என்றார். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், கால் துண்டேகூட. இரண்டையும் சிரித்துக்கொண்டே மறுத்தேன். இரண்டாவது ஆள் கிளம்பும் வரை குட்டி இருந்த அறையைப் பூட்டி வைத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. கோழி சூப்பு ஊற்றலாமே என்றவருக்கு மட்டும் யோசித்துப் பதில் சொன்னேன்: வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்துக்கு ஆகாது, வீட்டுச் சூப்பில் இரண்டும் இல்லாமல் இருக்காது.

புதன் 941. வியாழன் 958. எடை பார்ப்பது எப்போதும் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். தராசில் செருப்புப் பெட்டியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுக் குட்டியை உள்ளே விடுவது. வியாழன் காலை பெட்டிக்குள் நிற்கவே மாட்டேன் என்று எகிறியது, மூன்றாவது முயற்சியில்தான் எண் நின்றது. அன்று ராத்திரி நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தபோது, தன் தட்டை முடித்துவிட்டு வந்து என் முழங்காலில் ஏறி என் தட்டில் மூக்கை நீட்டியது.

அடுத்த ஞாயிறு 1,001. மகள் நோட்டில் நாலு இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். அன்றுதான் புழு மருந்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. தடுப்பூசியும் தும்மல் நின்ற பிறகே. புழு மருந்து கொடுத்த மறுநாள், வாங்கி வைத்திருந்த புது உணவைப் பழையதில் கலக்கத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால். பாதியில் ஒரு நாள் மலம் இளகியது, இரண்டு நாள் அதே பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தொடர்ந்தேன். முழுக்கப் புது உணவு வைத்த முதல் காலை கட்டில் பக்கம் வைத்த தட்டைக் காணோம். நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே போய்க் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்தது.